தலைமதகும் கடைமடையும்: ஒரு நிரல் மற்றொன்றை ஏவும் முறை

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும். அந்நீர் கல்லணையை யடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து, சில நாள் கழித்தே மேலையூர்க் கடையணைக்கு வரும். அதன்பின் பூம்புகாரில் கடலொடு கலக்கும். மதகைத் திறப்பவர் கடைமடை வயலைக் காண்பதில்லை. ஆணை பிறக்கும் இடம் ஒன்று. அது பயன் தரும் இடம் மற்றொன்று. ஆதலின் கடைமடை உழவர், மதகு திறந்த செய்தியால் மட்டும் மனநிறைவு கொள்ளார். தம் வாய்க்காலில் நீர் கண்ட பின்னரே அமைதி கொள்வர். இவ்வுண்மையைக் கணினித் துறையில் யாம் பட்டறிந்த வகையை மாணவ நண்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைப்போம்.

கணினியில் சாளரமும் பொத்தானும் இன்றி, கட்டளை வரிகளால் மட்டும் ஓடும் நிரல் ஒரு வகை. வேர்டு, லிப்ரே ஆபீஸ் போன்று, மனிதர் கண்டு கையாளுதற்குச் சாளரம் விரிக்கும் செயலி மற்றொரு வகை. முன்னது பின்னதை ஏவி வேலை வாங்குதல் கூடுமோ எனின், கூடும்.

அதன் தேவை யாது? பழைய தமிழ்க் கோப்புகள் பல, பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அவற்றுள் இருப்பது உண்மையில் தமிழன்று. ‘எம்’ என்னும் சிறிய ஆங்கில எழுத்தின் இடத்தில் ‘அ’ என்னும் உருவமும், ‘கே’ என்பதன் இடத்தில் ‘ம’ என்னும் உருவமும் வரையப்பட்டுள்ளன, அவ்வளவே. எழுத்துரு இல்லையேல் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு இக்குழப்பத்தை ஒழுங்கு செய்ய முயன்றது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆயினும் பழைய கோப்புகள் தாமாக மாறா. எம் மலரின் பழைய இதழ்களும் அந்நிலையில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றுதல் மாதக்கணக்கில் ஆகும் வேலை.

ஏவும் வழிகள் மூன்று. முதலாவது, செயலியைத் தொடங்கும்போதே கட்டளையைச் சேர்த்துக் கொடுத்தல். ஒரு கோப்பைப் பி.டி.எப். ஆக்க இது போதும். இரண்டாவது, மனிதன் விசை தட்டுவதுபோலப் பொய்யாகத் தட்டுதல். இது நம்பத்தக்கதன்று, இடையில் வேறொரு சாளரம் முன்வரின் விசைகள் அதனுள் விழும். மூன்றாவது, செயலி தானே திறந்துவைத்த வாயில் வழியே அதனோடு உரையாடுதல். மைக்ரோசாப்ட்டின் ஓ.எல்.இ. ஆட்டோமேஷன், ஆப்பிள்ஸ்கிரிப்ட், லிப்ரே ஆபீஸின் யூ.என்.ஓ. ஆகியவை இவ்வகையின.

யாம் முதலில் கோப்பின் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து மாற்றினோம். அந்தோ! கட்டுரைகளினிடையே ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த பழைய மாணவர் பெயர்களும் தமிழ்க் குறிகளாய்ச் சிதைந்தன. மூலக் கோப்புகளின் மேலேயே சேமித்திருந்தமையால் சில பெயர்களை அச்சுப் பிரதி பார்த்தே மீட்டோம். பிரதி கிடையாதவை போயின போயினவே. எது பாமினி, எது ஆங்கிலம் என்பது எழுத்தில் இல்லை. எழுத்துருக் குறிப்பிலேயே உள்ளது. அதனை அறிந்தது செயலி. ஆகவே செயலியையே வினவுதல் வேண்டும்.

அதன் முறை வருமாறு. லிப்ரே ஆபீஸை, சாளரமின்றியும், தனிப் பயனர் அமைவோடும் தொடங்குக. தனி அமைவு இல்லையேல், முன்னரே திறந்திருக்கும் செயலியிடம் நம் ஆணை சென்றுவிடும். அது விழித்தெழச் சில நொடி ஆகும்; இணைப்புக் கிட்டும்வரை விட்டுவிட்டு முயல்க. பின்னர் ஆவணத்தை மறைவாகத் திறந்து, ஒவ்வொரு பகுதியையும் நோக்கி, “உன் எழுத்துரு யாது?” எனக் கேட்க. பாமினி எனின் மட்டும் மாற்றுக. பழைய முறையில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாய் நிற்கும்; யூனிகோடில் ககரமே முதலில் வரும். ஆதலின் நீண்ட தொடர்களை முன்னும், தனிக்குறிகளைப் பின்னும் மாற்றுக. லிப்ரே ஆபீஸ் ஆங்கில எழுத்துக்கு ஒன்றும் தமிழ் போன்ற வரிவடிவங்களுக்கு வேறொன்றுமாக எழுத்துருவைத் தனித்தனியே குறிக்கும். மாற்றியபின் இரண்டாவதையே அமைத்தல் வேண்டும். மூலத்தைத் தொடாது புதிய பெயரிற் சேமிக்க.

மறைந்த செயலி கடவுச்சொல் போன்றதொன்றைக் கேட்டுக் காத்திருப்பின் நாம் அதனைக் காணோம்; நிரலும் ஓயாது காத்துநிற்கும். ஆதலின் காலவரை விதிக்க. வேலை முடியினும் தவறினும் ஆவணத்தையும் செயலியையும் மூடியே வெளியேறுக. இல்லையேல் அது கண்ணுக்குப் புலப்படாது ஓடிக்கொண்டிருந்து, அடுத்த முறை தடையாய் நிற்கும்.

இறுதியாக, “முடிந்தது” என நிரல் சொல்வதை நம்பற்க. அது தலைமதகின் செய்தி மட்டுமே. புதிய கோப்பைத் திறந்து, ஒரு பெயரையேனும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுக் காண்க. கடைமடையில் நீர் வந்தாலன்றி மதகு திறந்ததாகாது.