மலைக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று: வாலிபர் சபை அமைப்போருக்கு ஒரு வழிகாட்டி

அடிவாரத்துப் பொன்னேரியில் புறப்பட்டு, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏலகிரியின் அத்தனாவூருக்கு ஏறுகின்ற பேருந்தில் அமர்ந்து, வளைவுதோறும் ஒரு புலவரின் பெயரையோ ஒரு வள்ளலின் பெயரையோ தாங்கி நிற்கும் பலகைகளைப் படித்துக்கொண்டே செல்லும் பிரயாணிக்கு, அந்த மலையில் பிறந்து வளர்ந்த வாலிபர்கள் அவ்வேளையில் எங்கே இருக்கிறார்கள் என்று யோசிக்கச் சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை. ஒரு பகுதியினர் வேலை தேடி அதே வளைவுகளில் இறங்கிப் போயிருப்பார்கள். மற்றொரு பகுதியினர் அந்தப் பிரயாணி தங்கப்போகும் விடுதியின் சமையற்கட்டிலோ, புங்கனூர் ஏரியின் படகுத் துறையிலோ நின்றுகொண்டிருப்பார்கள். இவர்களுக்கும், கீழே ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் ஆகிய ஊர்களில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக விடியலில் சாலையோரம் நிற்கும் பெண்களுக்கும், ஸ்தல ஸ்தாபனத்தின் நிர்வாகத்தில் ஒரு குரல் வேண்டும் என்பதில் பெரும்பாலும் யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. பேதமெல்லாம் எந்த உருவத்தில் என்பதில்தான். ஊர்தோறும் இதைப் பற்றிக் கேட்கும் சங்கத்தினருக்கும் கவுன்சிலர்களுக்கும் உபயோகமாக இருக்கட்டும் என்ற உத்தேசத்துடன், வெளியுலகிலும் நம் நாட்டிலும் நடைமுறையில் உள்ள சில வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில், நிரப்ப வேண்டிய பள்ளம் எது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தத்தால் 1989 முதல் 18 வயதில் வாக்குரிமை கிடைக்கிறது. ஆனால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ போட்டியிட 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆக, 18க்கும் 21க்கும் இடையே இருப்பவர் பிறரைத் தேர்ந்தெடுக்கலாம். தாம் நிற்க இயலாது. 18க்குக் கீழே இருப்பவரின் நிலை இன்னும் மெலிந்தது. கிராம சபையின் உறுப்பினர் என்பவர் வாக்காளர் பட்டியலில் உள்ளவரே ஆகையால், பள்ளிக்குப் போகும் பேருந்து ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்று கேட்க, அந்தப் பேருந்தில் போகிற 16 வயதுப் பெண்ணுக்குச் சட்டப்படி இடமில்லை. 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கையோ 15 முதல் 29 வயது வரை உள்ளோரை இளைஞர் என்று வகுத்திருக்கிறது. 15 முதல் 21 வரையிலான அந்த ஆறு ஆண்டுகளே நாம் பேசும் பள்ளம்.

அடிவாரத்து ஊர் ஒன்றின் கிராம சபையில் சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட காட்சி இது. ஷாமியானாவின் நிழலில் முன்வரிசை நாற்காலிகளில் நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்கள். வாலிபர்கள் எல்லோரும் ஷாமியானாவுக்கு வெளியே, நிறுத்தி வைத்த பைக்குகளின் மேல் சாய்ந்தபடி. பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பெண் மட்டும் எழுந்து, “தலைவரே, பஸ் ஸ்டாப்புக்கு லைட்டு கேட்டு போன அக்டோபர்ல எழுதிக் குடுத்தோமே, அது இன்னாச்சுங்க?” என்று கேட்டாள். “தீர்மானம் போட்டாச்சும்மா. பிடிஓ ஆபீசுக்குப் போயிருக்குது” என்றார் தலைவர். “போயி இன்னாச்சுங்க?” என்று அவள் மறுபடியும் கேட்டதற்குப் பதிலாக, வருகைப் பதிவேடு அவள் பக்கம் நீட்டப்பட்டது: “கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா.” அவள் போட்டாள், குறைவெண் வரம்புக்கு ஒரு கையெழுத்து கூடிற்று. (501 முதல் 3,000 பேர் வரை வசிக்கும் ஊராட்சிக்கு 100 பேரும், 10,000 பேர் வரை 200 பேரும் கூட வேண்டும் என்பது விதி, கையெழுத்தின் அருமை ஊராட்சிச் செயலருக்குத்தான் தெரியும்.)

அன்று அந்தப் பெண்ணுக்கு மறுக்கப்பட்டது பேசும் உரிமை அன்று. மறுமொழி பெறும் உரிமை. ஆகையால், எந்த அமைப்பைப் பரிசீலிக்கும்போதும், அதில் எத்தனை நாற்காலிகள், யார் தலைவர், பதவிப் பிரமாணம் எப்படி என்ற விசாரணைகளுக்கெல்லாம் முன்பாக, அது சொல்வதற்கு எத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் வந்தாக வேண்டும் என்ற ஒரே கேள்வியை நான் கேட்கிறேன்.

அந்தக் கேள்வியையே திருப்பிப் போடுவது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து இளைஞர் ஆணையம். 1995இல் அந்நகரத்து வாக்காளர்கள் தங்கள் நகரச் சாசனத்தைத் திருத்தி ஏற்படுத்திய இந்த ஸ்தாபனத்தில் 12 முதல் 23 வயது வரையுள்ள 17 பேர் அங்கத்தினர்; நகரசபை அங்கத்தினர் 11 பேரும் மேயரும் ஆளுக்கொருவரை நியமிக்க, போதிய பிரதிநிதித்துவம் பெறாத சமூகங்களிலிருந்து மேலும் ஐவரை மேயர் நியமிக்கிறார். இதெல்லாம் வெறும் உடம்பு; உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது. குழந்தைகளையும் இளைஞர்களையும் பிரதானமாகப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் நகரசபை இறுதி முடிவெடுக்குமுன், அவசரமான காலம் தவிர, அதை ஆணையத்துக்கு அனுப்பியாக வேண்டும்; ஆணையம் 12 நாட்களுக்குள் தன் ஆலோசனையைச் சொல்ல வேண்டும். வாலிபர்கள் போய்க் கதவைத் தட்டுவதற்குப் பதிலாக, கோப்பு அவர்களிடம் வருகிறது. நம் பக்கத்தில் கேரளம் 2014இல் சட்டமியற்றி ஓர் இளைஞர் ஆணையத்தை நிறுவியது. ஆனால் அது மாநிலம் முழுமைக்கும் உரியது. ஒரு நகரத்தின் தெருவிளக்கு வரை அதன் கை எட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

நியமன ஆணையம் என்ற இந்த முதல் வழியில் உள்ள ஆபத்தையும் மறைக்கலாகாது. வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள். கவுன்சிலருக்கு ஒருவர் என்று நியமித்தால் 60 பேர் கூடுவார்கள், அவர்களில் எத்தனை பேர் மருமகன்களாகவும் கட்சியின் இளைஞரணியினராகவும் இருப்பார்கள் என்று ஊகிக்க ஜோதிடம் தேவையில்லை. மேலும், சட்டபூர்வமான ஆணையம் வேண்டுமெனில் அதற்குச் சட்டசபைதான் வழி செய்ய வேண்டும். மாநகராட்சி தன் சொந்தத் தீர்மானத்தால் ஓர் ஆலோசனைக் குழுவை வைத்துக்கொள்வதோடு திருப்தியடைய வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, பெரியவர்களின் சபைக்குப் பக்கத்திலேயே இளையோர் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஒரு சிறிய சபை. பிரான்சு தேசத்தின் ஷில்டிகைம் என்ற ஊரில் 1979இல் குழந்தைகளின் நகரசபை ஒன்று உருவாயிற்று. அந்நாட்டில் பல ஊர்கள் பின்னர் அதைப் பின்பற்றின. கர்நாடகத்தின் குந்தாபுரப் பகுதியில், உழைக்கும் குழந்தைகளின் சங்கத்தோடு இணைந்து 1990களில் தோன்றிய ‘மக்கள பஞ்சாயத்து’ (கன்னடத்தில் ‘மக்கள’ என்றால் குழந்தைகளுடைய என்று பொருள்) இதைவிட எனக்கு விசேஷமாகத் தோன்றுகிறது. ஏனெனில் அங்கே நாற்காலியில் அமர்ந்தவர்கள் நன்றாகப் பேசத் தெரிந்த பள்ளிப் பிள்ளைகள் மாத்திரம் அல்லர், வேலைக்குப் போகும் பிள்ளைகளும்கூட. தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் நிறைந்த நம் பிரதேசத்துக்கு இது முக்கியமான பாடம். நம்மிடையே இளைஞர் பிரதிநிதி என்றவுடன் கல்லூரியின் பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற ஒருவரே நினைவுக்கு வருகிறார். ஷூவின் மேல்தோல் தைக்கும் இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் அமரும் 19 வயதுப் பெண் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் இவ்வழியில், பெரிய சபை செவிமடுக்கும் கட்டாயம் இல்லாவிட்டால், எல்லாம் ஆண்டு விழா நாடகமாக முடிந்துவிடும். மாலை, புகைப்படம், கேசரி, கலைதல்.

வேட்பாளர் பட்டியலிலேயே இளைஞருக்குப் பங்கு ஒதுக்கும் இலங்கையின் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980களின் இறுதியில் எழுந்த வாலிபர் கிளர்ச்சிக்குப் பிறகு அமைந்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் 1990ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி, அங்கே உள்ளூராட்சித் தேர்தலில் இளைஞர் ஒதுக்கீடு வந்தது. இடையில் அது தளர்ந்து, 2023இல் நான்கில் ஒரு பங்கு என்று மீண்டும் கட்டாயமாயிற்று. நம் ஊராட்சியோ நகராட்சியோ தானாகச் செய்யக்கூடிய காரியம் அன்று அது. பணத்தையே கையில் கொடுத்துப் பார்த்த பாஸ்டன் நகரத்தின் பரீட்சை வேறு வகை: 2014இல் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, எந்தப் பணிக்குச் செலவிடுவது என்பதை அந்நகரத்து இளையோரின் வாக்குக்கே விட்டார்கள். தொகை சிறிதாயினும், ஆம்பூர் போன்ற நகராட்சியில் ஒரு விளையாட்டுத் திடலுக்கும் ஒரு படிப்பகத்துக்கும் இடையே வாலிபர்களே தீர்மானிக்கட்டும் என்று விடுவதில் தவறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

இனி, ஏற்கெனவே உள்ள சபையையே பயன்படுத்தும் வழி. கர்நாடக அரசு 2006இல் குழந்தைகளுக்கென்று தனிக் கிராம சபை நடத்துமாறு ஊராட்சிகளுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டின் நகரங்களில் 2022இல் வந்த விதிகளால் வார்டு குழுவும், வார்டின் பகுதிதோறும் மக்கள் கூடும் பகுதி சபையும் பிறந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கட்டடம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, உத்தியோகஸ்தர் புதிதாக வேண்டியதில்லை, சட்டமும் புதிதாக வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது இரண்டே: கூடும் நாள், பதில் சொல்லும் கெடு.

நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிராம சபை கூடும் ஆறு நாட்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், தொழில் நிறுவனங்களின் விடுமுறை பற்றிய 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி சம்பளத்துடன் கூடிய விடுமுறை நாட்கள். ஆகவே ஷூ கம்பெனிக்குப் போகும் பெண் அன்று ஊரில் இருப்பாள், சபைக்கு வரலாம். அதே நான்கு நாட்களிலும் ஏலகிரியில் நடப்பது இதற்கு நேர்மாறு. விடுமுறை என்றால் மலைக்குக் கூட்டம். கூட்டம் என்றால் விடுதியிலும் உணவுச்சாலையிலும் படகுத் துறையிலும் இருக்கும் வாலிபருக்கு மூச்சுவிட நேரமில்லை. கீழே இருப்பவரைச் சபைக்கு அனுப்பும் அதே நாள், மேலே இருப்பவரைச் சபையிலிருந்து பிடித்து இழுக்கிறது. மலை ஊராட்சிக்கு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய மற்ற இரு நாட்களே, வார நடுவில் விழும் ஆண்டுகளில், சௌகரியமானவை. அதுவும் போதாதெனில் கோடை விழாவுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாலிபர்களை மட்டும் தனியே கூட்டலாம்.

ஆதலால் என் அபிப்பிராயம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. மலையில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களைக் கொண்ட ஏலகிரி ஊராட்சிக்கு ஆணையம் என்ற ஆடம்பரம் வேண்டாம். சிற்றூருக்கு இருவர், அவர்களில் ஒருவர் பெண், ஒருவரேனும் 18 வயதுக்குட்பட்டவர் என்று கிராம சபை ஏற்றுக்கொண்ட ஒரு குழு போதும். மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகள் விடுதி முதலாளிகளின் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்க நேராதபடி, தேர்வு சிற்றூரிலேயே நடக்க வேண்டும். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பகுதி சபைகளே ஏற்றவை. அவற்றில் கம்பெனித் தொழிலாளரான இளையோருக்கு இடமும், ஆண்டுக்கு ஒரு சிறு தொகையின் மேல் தீர்மான உரிமையும் கொடுக்கலாம். வேலூர் போன்ற மாநகராட்சிக்கு மாத்திரம் சான் பிரான்சிஸ்கோவின் சாயலில் ஓர் ஆலோசனைக் குழு தகும். ஆனால் 60 பேர் வேண்டாம், 15 பேர் போதும். நியமனம் கூடாது, விண்ணப்பித்தவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்பது மேல்.

தோல் தொழிலின் கழிவுநீரைப் பற்றி இச்சபைகள் என்ன செய்ய முடியும் என்று நிச்சயம் கேட்பார்கள். பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் பிரசித்தமான தீர்ப்பை அளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற தத்துவம் நம் நாட்டில் வேரூன்ற உதவியது அந்த வழக்கு. அவ்வாண்டில் பிறந்த குழந்தை 2025இல் இளைஞர் கொள்கையின் வயது வரம்பையே தொட்டுவிட்டது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பிரதேசத்துக்காக மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. நகராட்சியின் கைக்கு அப்பாற்பட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரத்தில் உள்ள விஷயம் இது என்பதை வாலிபர்களிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் தம் வார்டின் குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கவும், சுவரில் ஒட்டவும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த மு.வரதராசனார், பிற்காலத்தில் ‘தம்பிக்கு’ என்று வாலிபர்களுக்குக் கடித உருவில் ஒரு நூலே எழுதினார். இப்போது கடிதம் எழுத வேண்டிய முறை தம்பியினுடையது. பெறுநர், தலைவரோ ஆணையரோ. விஷயம், மூன்றே வரி: இளையோர் குழு ஒன்றை இந்தச் சபை ஏற்கிறது. குழு தரும் ஒவ்வொரு மனுவுக்கும் 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரப்படும். பதில் இல்லையேல் அந்த மனுவே அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாகும். அடுத்த கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ இரண்டு வாரம் முன்னதாக இதை இரு பிரதிகளாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டாம் பிரதியில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.