யூசுபு நபியின் மரக்காலும் நம் கடைக் கணக்கும்



ஸூரத்து யூசுபை ஓதிப் பொருள் சொல்லிவந்த ஓர் இரவில், துணிக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி போட்டார். “ஹஜ்ரத்! 12 வெள்ளிக்கு வாங்கிய கைலியை, ‘15 வெள்ளி கொள்முதல், வெள்ளிக்கு 10 காசு மட்டும் லாபம் வைத்து 16 வெள்ளி 50 காசுக்குத் தருகிறேன்’ என்று சொல்லி விற்றால் பாவம் என்கிறீர்கள். யூசுபு நபியோ தம்பியின் மூட்டையில் தாமே பாத்திரத்தை ஒளித்து வைத்தார்களே! அது மட்டும் என்ன கணக்கு?” என்றார். சபையில் சிலர் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதன்று. பலர் மனத்தில் கிடப்பதைத்தான் அவர் வாய்விட்டுக் கேட்டார்.

விஷயத்தை உள்ளபடியே பார்ப்போம். பஞ்ச காலத்தில் தானியம் வாங்க மிஸ்ருக்கு வந்த சகோதரர்கள், அங்கே அதிகாரத்தில் இருப்பவர் யூசுபு (அலை) என்பதை அறியவில்லை. சரக்கு கட்டியாகிறது. அரசருடைய அளவுப் பாத்திரம், மரக்கால் என்று சொல்லலாம், தம்பியின் மூட்டையில் வைக்கப்படுகிறது. ஒருவர் கூவுகிறார், கூட்டத்தாரே நீங்கள் திருடர்கள் என்று. மற்றவர் மூட்டைகளை முதலில் சோதித்துவிட்டுக் கடைசியில் தம்பியின் மூட்டையிலிருந்து அதை எடுக்கிறார்கள். இந்த உபாயத்தை யூசுபுக்காக நாமே செய்தோம் என்று 76-வது வசனத்தில் அல்லாஹுத்தஆலாவே சொல்லிவிடுகிறான். ஆகவே, நடக்கவில்லை என்றோ, தவறி நடந்தது என்றோ சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை.

தப்ஸீர் எழுதிய பெரியோர்கள் பல விளக்கம் தந்துள்ளார்கள். கூவியவருக்கு உள் விஷயம் தெரியாது, அவர் மெய்யென்று நம்பியே கூவினார் என்பது ஒன்று. தகப்பனாரிடமிருந்து யூசுபைக் களவாடியவர்கள் என்ற கருத்தில் திருடர்கள் எனப்பட்டார்கள் என்பது மற்றொன்று. இந்தப் பின்னதைப் படிக்கும்போது, வார்த்தையைச் சற்று வலிந்து இழுத்ததாகவே எனக்குப் படும். அதைவிட, வசனங்களைப் பொறுமையாக ஓதினால் இரண்டு செய்திகள் கண்ணில் படுகின்றன. பாத்திரம் வைக்கப்படுமுன்பே, 69-வது வசனத்தில், நான் உன் சகோதரன், வருந்தாதே என்று தம்பியிடம் யூசுபு (அலை) அவர்கள் சொல்லி ஆயிற்று. பிறகு 79-வது வசனத்தில், அவனுக்குப் பதிலாக எங்களில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று மற்றவர்கள் கெஞ்சியபோது, திருடியவனை விட்டுவிட்டு வேறொருவனைப் பிடிப்பதா என்று அவர்கள் கேட்கவில்லை. எவரிடம் நம் பொருளைக் கண்டோமோ அவரையன்றி வேறெவரையும் பிடிப்பதா என்றுதான் கேட்டார்கள். தம்பியைத் திருடன் என்று சொல்ல அந்த நாவு எழவில்லை. உபாயத்தின் நடுவிலும் சொல் இவ்வளவு அளந்து வருகிறது.

இதனால் பாரம் முழுவதும் இறங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வயோதிகத் தகப்பனார் யஃகூபு நபி (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போனதாக அதே ஸூரா கூறுகிறது. அந்த வேதனை மெய்யான வேதனை. அல்லாஹ்வின் நாட்டத்தால் ஒரு நபி செய்ததை, வஹீ வராத நாம் கடையில் உட்கார்ந்து செய்ய முடியாது.

வியாபாரிகளாகிய நமக்கு இன்னொன்று உண்டு. அந்த மூட்டைகளில் இரகசியமாக ஏதேனும் வைக்கப்பட்டது அதுவே முதல் தடவையன்று. முதல் பயணத்தில், தானியத்துக்கு அவர்கள் கொடுத்த கிரயத்தையே அவர்களறியாமல் மூட்டைக்குள் திருப்பி வைக்கச் செய்தார்கள் யூசுபு (அலை) அவர்கள். நான் நிறைய அளந்து கொடுப்பதைப் பார்க்கவில்லையா என்று கேட்டதும் அப்போதுதான். இரண்டு தடவையும் ஒளித்து வைத்த பொருள் போனது மூட்டைக்காரர் பக்கம். யாருடைய காசும் யூசுபு (அலை) அவர்களின் கைக்கு வரவில்லை. மரக்காலை ஒளித்தார்கள், அளவைக் குறைக்கவில்லை. நம் சகோதரரின் கைலிக் கணக்கிலோ காசு எந்தப் பக்கம் போகிறது?

ஹதீஸிலும் விலக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பிணங்கியவர்களைச் சேர்த்து வைத்தல், யுத்தம், கணவன் மனைவி பேச்சு என்று மூன்று இடங்களை முஸ்லிம் ஷரீபில் காணலாம். வியாபாரம் அவற்றில் இல்லை. நல்ல காரியம் ஒன்றை மெய் சொல்லியும் அடையலாம், பொய் சொல்லியும் அடையலாம் என்றிருந்தால் அங்கே பொய் ஹராம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். கைலியை மெய் சொல்லியும் விற்கலாமன்றோ? தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள். மோசம் செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் கூறியருளினார்கள்.

கொள்முதலைச் சொல்லி, அதன்மேல் இவ்வளவு லாபம் என்று பேசி விற்பதற்கு முராபஹா என்று பெயர். அதில் கொள்முதலைக் கூட்டிச் சொன்னது தெரியவந்தால், ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொற்படி, கூட்டிய தொகையும் அதற்குரிய லாபமும் கழியும். நம் கைலிக்கு 3 வெள்ளி 30 காசு திருப்ப வேண்டும். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களிடத்திலோ, வாங்கியவர் விரும்பினால் முழு விலைக்கு வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் சரக்கைத் திருப்பலாம்.

“கொள்முதலைச் சொல்லாமலே விற்றால்?” என்றார் சகோதரர். தாராளமாக விற்கலாம், அதைச் சொல்வது கடமையில்லை. ஆனால் கைலியில் கிழிசலோ கறையோ இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, இத்தனை வருஷமாக வாங்கிப் போனவர்களை எங்கே தேடுவது என்று மெதுவாகக் கேட்டார். முடிந்தவரை தேட வேண்டும், காணாதவர்களுக்குரியதை அவர்கள் பேரால் தர்மம் செய்ய வேண்டும் என்று பதில் சொன்னேன். கடன் வாடிக்கைக்காரர்களின் பழைய சிட்டைகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றனவாம். அவற்றிலிருந்து தொடங்குவதாகச் சொல்லிப் போனார்.