கோதுமை இல்லாத சத்து பிஸ்கட்

இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு பிஸ்கட். தின்கிற விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். இதில் அறிவியலும் இருக்கு, கணக்கும் இருக்கு.

குளூட்டன் என்றால் என்ன?

ஒரு கை மைதா மாவைப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரில் கசக்கி அலசுங்கள். மாவுச்சத்து வெள்ளையாகக் கரைந்து போகும். கடைசியில் ரப்பர் மாதிரி ஒன்று கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன் என்ற புரதம். பரோட்டா மாவு கிழியாமல் இழுபடுவது இதனால்தான். கோதுமை, மைதா, ரவை, பார்லி எல்லாவற்றிலும் இது உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளத்தில் கிடையாது.

யாருக்கு ஆகாது?

நமக்கு எல்லாம் கோதுமை நல்ல உணவுதான். ஆனால் சீலியாக் என்ற நோய் உள்ளவர்களுக்கு குளூட்டன் போனால் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் கெட்டுப்போகும். சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்கவில்லை. அப்போது இந்த நோய் இருந்த குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி வந்ததும் மறுபடி நோய்பட்டார்கள். அங்கே டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இதையெல்லாம் கவனித்து, கோதுமைதான் காரணம் என்று காட்டினார்.

எங்க அத்தை பையனுக்கு 4 வயசு. அவனுக்கும் இதுதான். கடை பிஸ்கட் அவனுக்குக் கொடுக்கக் கூடாது. மத்த பிள்ளைங்க தின்னும்போது பாத்துக்கிட்டே நிப்பான். அவனுக்காக அம்மாவும் நானும் செய்வது இது.

தேவையான பொருட்கள்

கேழ்வரகு மாவு 100 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், வெல்லத்தூள் 100 கிராம், நெய் 75 கிராம், ஏலக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை, பால் கொஞ்சம்.

செய்முறை

1. கேழ்வரகு மாவை வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடவும்.
2. நிலக்கடலை, பொட்டுக்கடலை, ஏலக்காயைப் பொடிக்கவும். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டணும், இல்லாட்டி எண்ணெய் கக்கும்.
3. எல்லாம் கலந்து, நெய் விட்டுப் பிசறி, பால் தெளித்துப் பிடிக்கவும்.
4. 20 சின்ன உருண்டை செய்து தட்டவும். குளூட்டன் இல்லாததால் பெரிசாகத் தட்டினால் உடையும்.
5. அடி கனமான பாத்திரத்தில் கல் உப்பு பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்கவும். பிஸ்கட் தட்டை உள்ளே வைத்து சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் வேகவிடவும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கணும்.
6. சூட்டில் மெத்தென்று இருக்கும். தொடாதீங்க! ஆறினால் மொறுமொறுப்பாகும்.

புரதக் கணக்கு

சுமாராக கேழ்வரகில் 7 கிராம், நிலக்கடலையில் 25, பொட்டுக்கடலையில் 11. ஆக மொத்தம் 43 கிராம். 20 பிஸ்கட்டுக்கு வகுத்தால் ஒன்றுக்கு 2 கிராமுக்கு மேல்.

கவனிக்க

மில்லில் கோதுமை அரைத்த பிறகு நம்ம கேழ்வரகைப் போட்டால் அந்த மாவும் கலந்துவிடும். அதனால் வீட்டு மிக்ஸியிலேயே அரைக்கிறோம். சல்லடையும் தனி. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது.

உங்க வீட்டிலோ தெருவிலோ ஒரு குழந்தை ரொம்ப நாளாக வயிற்றுப்போக்கோடு மெலிந்துகொண்டே போனால், கண்ணு பட்டிருக்கு என்று மந்திரித்துவிட்டு சும்மா இருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முன்னால் நாமாகவே கோதுமையை நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.



– 9-ம் வகுப்பு மாணவி