பல்கலைக்கழகத்துள் ஓர் உயிரியற் களஞ்சியம்

சென்னையில் அக்கால மக்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குப் பூங்காவை 'உயிர்க் காலேஜ்' என்றும் வழங்கினர். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் செத்த உடல்கள் நிறைந்த இடமும் ஒரு கல்லூரியே என்னும் கருத்து அப்பெயரில் அடங்கியிருக்கிறது அன்றோ? அப்படிப்பட்ட 'செத்த காலேஜ்' ஒன்று ஒரு பல்கலைக்கழகத்துள்ளேயே அமைந்து, ஒரு நாட்டின் இயற்கைச் செல்வத்துக்குக் கணக்கேடாக விளங்குகிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமே அது.

அதன் கதைக்கு முன், அங்கே சேர்த்து வைப்பது எதனை என்று தெரிந்துகொள்வோம். ஒரு வௌவாலைப் பாடம் செய்து பெட்டியில் வைத்தால் மட்டும் அது அறிவியற் சான்று ஆகிவிடாது. எங்கே, எந்நாளில், யார் பிடித்தார் என்னும் சீட்டு அதன் காலில் கட்டப்பட்டிருக்க வேண்டும். சீட்டில்லாத உடல் வெறும் தோல்தான். மீன், நண்டு, தவளை முதலியவற்றை ஆல்கஹாலில் இட்டுச் சீட்டையும் உள்ளேயே போடுவர். அதனைப் பென்சிலாலோ கரையாத மையாலோ எழுத வேண்டும். பந்துமுனைப் பேனாவால் எழுதினால் மை ஆல்கஹாலில் கரைந்து, சீட்டு வெற்றுத் தாளாகிவிடும்.

சில உடல்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. புதிய இனம் ஒன்றை அறிஞர் விவரித்துப் பெயரிடும்போது, 'இப்பெயர் இதற்கே உரியது' என்று ஓர் உடலைச் சுட்டுவர். அதுவே 'ஹோலோடைப்' எனப்படும் மூல மாதிரி. பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அதனையே எடுத்துப் பார்ப்பர். சிங்கப்பூரின் நன்னீர் நண்டாகிய ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் 1986-இல் இவ்வாறு பெயர் பெற்றது; பெயரிட்ட பீட்டர் இங் பின்னர் இந்த அருங்காட்சியகத்தின் தலைவரானார். உலகில் வேறெங்கும் இல்லாத அந்த நண்டு, அத்தீவின் சில ஓடைகளில் மட்டும் வாழ்கிறது.

சேர்ப்பவர் நினையாத பயனும் பின்னால் விளையும். இங்கிலாந்தில் பலர் பொழுதுபோக்காகப் பருந்து, வல்லூறு முதலியவற்றின் முட்டைகளைத் திரட்டி வைத்திருந்தனர். ராட்கிளிஃப் என்னும் அறிஞர் அத்தகைய பழைய முட்டைகளை நிறுத்துப் பார்த்து, 1940-களின் பிற்பகுதி தொடங்கி ஓடு மெலிந்து வந்துள்ளது என்று 1967-இல் காட்டினார். டி.டி.டி. மருந்தே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முட்டை திரட்டியவர்களுக்கு டி.டி.டி. என்ற சொல்லே தெரிந்திருக்காது!

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் தோன்றிய ராஃபிள்ஸ் அருங்காட்சியகம் 1887-இல் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் தனக்கெனக் கட்டடம் பெற்றது. மலாய் நாட்டிலிருந்தும் அண்டைத் தீவுகளிலிருந்தும் விலங்குகளும் பறவைகளும் அங்கே குவிந்தன. 1942-இல் ஜப்பானியர் நகரைக் கைப்பற்றியபோது இவை சூறை போயிருக்கலாம். ஆனால் ஹிடெஸோ தனகடத்தே என்ற ஜப்பானியப் பேராசிரியரும், தாவரவியலறிஞர் கார்னர், மீன்துறையைச் சேர்ந்த பர்ட்விசில் என்ற ஆங்கிலேயர் இருவரும் ஒன்றுகூடி அவற்றைக் காத்தனர். பகைநாட்டார் மூவர் செத்த பறவைகளுக்காக ஒன்றுபட்ட நிகழ்ச்சி வரலாற்றில் அடிக்கடி காண்பதன்று.

போரில் தப்பியது அமைதிக் காலத்தில் தவித்தது. விடுதலை பெற்ற புதிய நாடு தொழிலையும் வீட்டு வசதியையும் பெருக்க முனைந்திருந்த காலம் அது. ஸ்டாம்ஃபோர்டு சாலைக் கட்டடம் வரலாற்றுக்கும் கலைக்கும் உரியது என்று முடிவாயிற்று. விலங்குகளுக்கு இடமில்லை. 1972-இல் ஏறத்தாழ 1,26,000 மாதிரிகள் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. கூரையிலிருந்து பல்லாண்டு தொங்கிய 42 அடித் திமிங்கில எலும்புக்கூட்டை வைக்க எவரிடமும் இடமில்லாமையால், அது 1974-இல் மலேசியாவுக்குக் கொடுக்கப்பட்டது.

பல்கலைக்கழகத்திலும் உடனே நல்ல இடம் கிடைத்துவிடவில்லை. பழைய இராணுவக் குடியிருப்பின் கொட்டகைகள், புக்கிட் தீமா வளாகம், ஜூரோங்கில் ஒரு நூலகக் கட்டடம் என்று சீசாக்களும் இழுப்பறைகளும் ஊர் ஊராகச் சுற்றின. 1987-இல்தான் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் நிலைத்தன. சீசாவில் ஆல்கஹால் வற்றினால் உடல் கெடும். தோலில் வண்டு புகுந்தால் சில திங்களில் பொடியாகிவிடும். இத்தனை அலைச்சலிலும் தொகுதி பிழைத்ததற்குக் காரணம், யாங் சாங் மான் அம்மையார் போன்ற காப்பாளர்களின் நாள்தோறுமான உழைப்பு. அவரைப் போன்றோர் பெயரைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அங்கே இத்தொகுதி தேவைப்படுவோர் அடுத்த அறையிலேயே இருந்தனர். ஓர் ஆசிரியர் ஓடையில் பிடித்த மீனை எழுபதாண்டுக்கு முன் பிடித்த மீனோடு ஒப்பிட வேண்டியிருந்தது. ஒரு மாணவர் ஆய்வேட்டுக்கு நண்டுகளை அளக்க வேண்டியிருந்தது. காட்சிப் பொருளுக்குக் கூட்டம் வராவிட்டால் மதிப்புக் குறையும். ஆராய்ச்சிப் பொருளுக்கோ, கேட்டு வரும் ஒருவர் போதும். 2003-இல் புரூக், சோதி, இங் ஆகிய மூவர் 'நேச்சர்' இதழில் சிங்கப்பூரின் உயிரின அழிவு பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 183 ஆண்டுகளில் அத்தீவின் இயற்கை வாழிடத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டது என்பதையும், அதனோடு எவ்வெவ்வினங்கள் மறைந்தன என்பதையும் அது காட்டிற்று. முன்பு இருந்தன என்பதற்குச் சான்று இல்லையேல், மறைந்தன என்று எவ்வாறு சொல்வது? மூவருள் நவ்ஜோத் சோதி நம் பஞ்சாபில் பிறந்தவர்.

பொதுமக்கள் மனம் திரும்பியது 2009-இல். அருங்காட்சியக நாளன்று அச்சிறு கூடத்தைக் காண 3,000 பேருக்கு மேல் திரண்டனர். செய்தி பரவ, நன்கொடை வந்தது. லீ அறக்கட்டளை 25 மில்லியன் வெள்ளி தந்தது. மொத்தம் 46 மில்லியன் சேர்ந்தது. 2015 ஏப்பிரலில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. ஒளி பட்டால் நிறம் மங்கும் பொருள்களுக்கான வீடாதலின், சன்னல்கள் அரிதான பாறை போன்ற தோற்றம் அதற்கு. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் இங்கே உள்ளன. வாயிலைக் கடந்தோரை முதலில் ஈர்ப்பவை அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியெடுத்த மூன்று பெரிய டைனோசார்கள். அவற்றுக்கும் சிங்கப்பூருக்கும் உறவு ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் நண்டு வைத்த சீசாவைக் காணக் குழந்தைகள் பெற்றோரை இழுத்து வருவதில்லையே!

பல்கலைக்கழகக் கூரை இருந்தாலே போதும் என்று நான் சொல்லவில்லை. பிரேசிலின் தேசிய அருங்காட்சியகமும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். 1818-இல் தோன்றிய அது, இருநூறாம் ஆண்டில், 2018 செப்டம்பர் 2 இரவில் எரிந்தது. தீ மூண்டதும் தானே நீர் தெளிக்கும் அமைப்பு அங்கே இல்லை. பூச்சித் தொகுதியில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. தாவரத் தொகுதி வேறு கட்டடத்தில் இருந்தமையால் தப்பியது. நம் தலைநகரில் 1978-இல் திறந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமோ, ஒரு வணிகச் சங்கக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தது. 2016 ஏப்பிரல் 26 விடியுமுன் அதுவும் தீக்கிரையாயிற்று. சொந்த வீடில்லாமல் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு தேசியத் தொகுதியை வைத்திருந்தோம் என்பதை எண்ணினால் நாணமாக இருக்கிறது.

சிங்கப்பூரார் திமிங்கிலத்தை இழந்த கதை அப்படியே முடியவில்லை. புதிய கட்டடம் திறந்த மூன்று மாதத்துக்குள், 2015 ஜூலை 10 அன்று, ஜூரோங் தீவருகே ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்று செத்து மிதந்தது. 10.6 மீட்டர் நீளமுள்ள பெண். அருங்காட்சியகத்தார் நாற்றத்தைப் பொருட்படுத்தாது தசையை அறுத்து நீக்கி எலும்புகளைத் துப்புரவு செய்தனர். 2016-இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தனர். அதன் வயிற்றையும் திறந்து பார்த்தனர். தின்ற கணவாய்களின் அலகுகள் ஏராளமாக இருந்தன. அவற்றோடு பிளாஸ்டிக் குவளையும் தின்பண்ட உறைகளும் கிடந்தன.