சிக்கனமும் உடல்நலமும்

உடலை வளர்த்தற்குப் பொருள் வேண்டுமென்பது யாவரும் அறிந்ததே. வளர்ந்து மிகுந்த உடலைக் குறைத்தற்கும் பொருள் வேண்டுமென்று இக்காலத்து இளைஞர் பலர் எண்ணுகின்றனர். கடைத்தெருவிற் காணும் விளம்பரங்களும், கண்ணாடியும் குளிர்காற்றும் அமைந்த பயிற்சிக்கூடங்களும், டப்பாக்களில் அடைத்து விற்கும் விலையுயர்ந்த புரதப் பொடிகளும் அவ்வெண்ணத்தை நாளும் வளர்க்கின்றன. அவற்றை வாங்க இயலாதோர், இஃது எமக்கு எட்டாத காரியமென்று வாளா இருந்துவிடுகின்றனர். அன்றேல் கடன்பட்டேனும் வாங்கிப் பின்னர்த் துன்புறுகின்றனர். இவ்விரண்டும் தவறென்பதையும், உடற்பருமனைக் குறைத்து வலிமை பெறும் முயற்சியிற் பெரும்பகுதி செலவின்றியே, சிலவிடத்துச் செலவைக் குறைப்பதனாலேயே, கைகூடுமென்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறுதல் தகும். சில ஆண்டுகட்கு முன் எனது முதலாண்டு வகுப்பில் மாணவனொருவன் இருந்தான். அவன் தந்தையார் தையற்றொழில் செய்து மகனை விடுதியில் வைத்துப் படிப்பித்து வந்தார். பருத்த உடலினனாகிய அவன், மூன்றாம் மாடியிலுள்ள வகுப்பிற்கு மூச்சிரைக்க வந்து சேர்வான். ஒருநாள் மணியடித்த பின்னர் வந்தவனை நோக்கி, "என்ன தம்பி, உன்னைச் சுமந்து படிகள் களைத்துப் போயினவோ?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் நகைத்தது. யானோ ஆசிரியர்க்குரிய மின்தூக்கியில் ஏறி வந்தவன்.

அச்சொல்லை யான் அன்றே மறந்தேன், அவன் மறந்திலன். அவ்வாரமே நண்பரிடம் கடன் வாங்கிப் பயிற்சிக்கூடமொன்றிற் சேர்ந்தான். பொடி டப்பா ஒன்றும் வாங்கினான். கடனை அடைத்தற்கும் உடலைக் குறைத்தற்கும் ஒருங்கே வழியாகுமென்று கருதிக் காலையுணவையும் இரவுணவையும் விடுத்தான். மூன்றாம் வாரத்திற் காலை வழிபாட்டின்போது மயங்கி வீழ்ந்தான். செய்தி கேட்டு ஓடிவந்த தந்தையார், "ஐயா, சாப்பாட்டுக்குத்தானே மாதந்தோறும் பணம் அனுப்புகிறேன்; பிள்ளை ஏன் பட்டினி கிடந்தான்?" என்று என்னை வினவியபோது விடையின்றி நின்றேன். அவ்வினாவிற்குக் காலந்தாழ்த்து எழுதும் விடையே இஃது எனலாம்.

பருமன் உண்டாகுமாறு

உடலைக் கணக்கேட்டிற்கு ஒப்பிடலாம். உண்ணும் உணவு வரவு. மூச்சு விடுதல், இதயம் துடித்தல், நடத்தல், உழைத்தல் யாவும் செலவு. இவ்வரவு செலவுகளைக் கலோரி என்னும் அளவையால் அளப்பர். மாவுப்பொருளும் புரதமும் கிராமொன்றுக்கு ஏறத்தாழ 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தருவன. செலவிற்கு மிஞ்சிய வரவை உடல் கொழுப்பாக மாற்றிச் சேமித்து வைக்கின்றது. ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமமாம். ஆகவே நாளொன்றுக்கு 500 கலோரி குறைப்பவன் வாரமொன்றில் அரை கிலோகிராமிற்குச் சற்றுக் குறைவாகவே இழப்பான். நாட்செல்லச் செல்ல, குறைந்த வரவிற்கேற்பச் செலவையும் உடல் சுருக்கிக்கொள்ளுமாதலின், இவ்வளவும் குறையும்.

இக்கணக்கை உணர்ந்தோர், பத்து நாளிற் பத்துக் கிலோ குறைக்கலாமென்னும் விளம்பரங்களை நம்பார். பட்டினியால் விரைந்து குறையும் எடையிற் பெரும்பகுதி நீரும் தசையுமேயன்றிக் கொழுப்பன்று. பட்டினி நீங்கியவுடன் எடை மீளும். இழந்த தசையோ எளிதில் மீளாது.

பருமனுக்குச் சோம்பலும் பெருந்தீனியுமே காரணமென்று கூறுதலும் பிழை. குடிவழி, உறக்கக்குறைவு, தைராய்டுச் சுரப்பியின் குறைபாடு, சில மருந்துகள், மனத்துயர் முதலியனவும் காரணங்களாம். ஆதலின் பருத்தோரை எள்ளி நகையாடுதல் கொடுமையாவதோடு அறியாமையுமாகும்.

அளந்தறிதல்

குறைக்கத் தொடங்குமுன், குறைத்தல் வேண்டுமோவென அறிதல் வேண்டும். கிலோகிராமிற் கண்ட எடையை, மீட்டரிற் கண்ட உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்ணை உடல் நிறைக் குறியீடு என்பர். அது 18.5-க்குக் குறைந்தால் மெலிவு. நம் நாட்டினர்க்கு 23-க்கு மேற்படின் எச்சரிக்கை. 25-ஐ எட்டின் பருமன். சான்றாக, 165 செண்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 51 முதல் 62 கிலோகிராம் வரை இருத்தல் தகும்.

இதனினும் எளியது இடையளவு. ஆடவர்க்கு 90 செண்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 செண்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. வயிற்றுப்புறத்தே சேரும் கொழுப்பே நீரிழிவிற்கும் இதய நோய்க்கும் பெரிதும் ஏதுவாவது. நம் நாட்டினர்க்கு அவ்விடத்துக் கொழுப்புச் சேரும் இயல்பு மிகுதி. இதனை அளக்கப் பொறியெதுவும் வேண்டா. தையற்காரரின் அளவுநாடா ஒன்றே போதும்.

உணவும் பணப்பையும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருந்தைப் பற்றிக் கூறுவதினும் உணவின் அளவைப் பற்றியே மிகுதியாகக் கூறினார். இதனை நம் மாணவர் தேர்விற்காகப் படித்துத் தேர்வோடு மறந்துவிடுகின்றனர்.

ஒரு கோப்பைத் தேநீரில் இரண்டு சிறுகரண்டிச் சர்க்கரை, அஃதாவது 10 கிராம், இடுவோமாயின் 40 கலோரி. நாளொன்றுக்கு ஐந்து கோப்பை பருகுவோன் சர்க்கரையால் மட்டும் 200 கலோரி பெறுகின்றான். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வீதம் ஒருமணி நேரம் நடந்தாற் செலவாவதும் ஏறத்தாழ அவ்வளவே. நடந்து ஈட்டிய பயனை நாயர் கடை வாயிலிலேயே இழத்தல் எத்துணை எளிதென்பது இதனால் விளங்கும்.

இனிப் பணத்தைக் கணக்கிடுவோம். மாலைதோறும் ஒரு தேநீரும் இரண்டு வடையும் கொள்ளுகின்ற வழக்கமுடையோனைக் கருதுக. தேநீர் 12 ரூபாயும் வடை ஒன்று 10 ரூபாயும் என்று கொண்டால் நாளொன்றுக்கு 32 ரூபாய். 30 நாட்களுக்கு 960 ரூபாய். அவன் வடையை விடுத்து, 50 கிராம் வறுத்த கடலையைக் கொள்வானாயின், மாதமொன்றுக்கு ஒன்றரைக் கிலோகிராமே செலவாகும். அதற்கு அடுப்பும் வேண்டா, பாத்திரமும் வேண்டா. எண்ணெயிற் பொரித்த வடையைக் காட்டிலும் பசியை நெடுநேரம் தாங்குவதுடன் ஏறத்தாழ 10 கிராம் புரதமும் அதனாற் கிட்டும்.

புரதத்தை ஈண்டுச் சிறப்பாகக் கூறுவதற்குக் காரணமுண்டு. எளியோர் தட்டிற் சோறு மலைபோலும், பருப்பு ஓடைபோலும், காய் புல்போலும் காணப்படும். செலவைச் சுருக்க வேண்டின் முதலிற் குறைவது பருப்பும் காயுமே. இதனால் வயிறு நிறைந்தும் உடல் வாடுகின்றது. உடலெடைக்குக் கிலோகிராமொன்றுக்கு 0.8 கிராமிற்குக் குறையாது புரதம் வேண்டுமென்பர். 60 கிலோகிராம் எடையுள்ளோர்க்கு இஃது ஏறத்தாழ 50 கிராமாம். இதற்குப் பொடி டப்பாவை நாட வேண்டுவதில்லை. கொண்டைக்கடலை 100 கிராமில் 20 கிராமளவும், பச்சைப்பயற்றில் அதனிற் சற்று மிகுதியும், முட்டை ஒன்றில் 6 கிராமும் புரதம் உண்டு. நிலக்கடலையும் புரதம் மிக்கதே. ஆயினும் கொழுப்பு மிகுதியாதலின் ஒரு கைப்பிடியோடு நிறுத்துக.

ஆகவே உணவில் செய்யத்தக்கன இவை. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அவ்விடத்தைக் கீரையாலும் பருவத்திற் மலிந்த காயாலும் நிரப்புக. பருப்பையும் பயற்றையும் குறையாது கேட்டு வாங்குக. சர்க்கரையைப் பாதியாக்குக, புட்டியில் அடைத்த இனிப்புப் பானங்களை விடுத்து மோரும் நீரும் பருகுக. பொரித்த பலகாரத்தைத் திருநாட்களுக்கு ஒதுக்குக. வேளையுணவை விடுதலினும் வேளைக்கு அளவாக உண்ணுதலே நன்று.

உழைப்பு

உழைப்பின் பயனை மெய்ப்பித்த ஆராய்ச்சியொன்று யாவரும் அறியத்தக்கது. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் இலண்டன் மாநகரத்துப் பேருந்துத் தொழிலாளரை ஆராய்ந்து 1953-ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டார். நாள் முழுவதும் அமர்ந்து வண்டியோட்டிய ஓட்டுநரினும், இரண்டடுக்கு வண்டியின் படிகளில் ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்க்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்நடத்துநர் எப்பயிற்சிக்கூடத்திற்கும் கட்டணம் செலுத்தினாரல்லர். அவர்க்குப் படிகளே பயிற்சிக்கூடமாயின.

வாரமொன்றில் 150 நிமிடத்திற்குக் குறையாது மிதமான உழைப்பும், இருநாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. நாளொன்றுக்கு 30 நிமிடமாக வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடந்தால் முதற்பகுதி நிறைவேறும். பேருந்தினின்றும் ஒரு நிறுத்தம் முன்னரே இறங்கி நடந்தால் இதற்கெனத் தனி நேரமும் வேண்டுவதில்லை.

இரண்டாம் பகுதிக்கு நம் முன்னோர் விட்டுச்சென்ற தண்டாலும் பஸ்கியுமே சாலும். இவற்றிற்குத் தம் உடலே எடைக்கல்; ஆறடி நிலமே கூடம். தரையிற் கைவைத்துத் தண்டால் எடுக்க இயலாதோர் முதலிற் சுவரிற் கைவைத்துச் செய்க. பின்னர் மேசை விளிம்பிற் செய்க. அதன் பின்னரே தரைக்கு வருக. பஸ்கியையும் நாற்காலியில் அமர்ந்தெழுதலாகத் தொடங்கலாம். எட்டெட்டாக மூன்று முறை செய்து, எளிதானபின் எண்ணிக்கையை உயர்த்துக. நம் நாட்டுக் கர்லாக்கட்டைப் பயிற்சி, மேல்நாட்டார் கற்றுச் சென்று 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களிற் சேர்க்குமளவிற்குப் பெருமை பெற்றதென்பதை நாம் மறத்தல் ஆகாது.

விளையாட்டும் நமக்குண்டு. சடுகுடுவிற்கு ஒரு கோடும் இரு குழுவும் போதும். 1920-ஆம் ஆண்டிற் சென்னையிற் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் என்பாரின் தொண்டினால், உடற்பயிற்சி கல்வியின் ஓர் உறுப்பென்னும் கருத்து இந்நாட்டில் வேரூன்றியது. அக்கருத்தின் பயனாகவே நம் கல்லூரிகளில் விளையாட்டு மைதானங்கள் விளங்குகின்றன. அவற்றிற்குரிய கட்டணத்தை நாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே செலுத்திவிடுகின்றோம். செலுத்திய கட்டணத்தின் பயனைக் கொள்ளாது, வெளியே மீண்டும் கட்டணம் செலுத்துதல் சிக்கனமாகுமோ?

எச்சரிக்கை

நெஞ்சுவலி, தலைச்சுற்றல், நீரிழிவு, மூட்டுநோய் முதலியன உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குதல் வேண்டும். அரசினர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவ்வறிவுரையைச் செலவின்றிப் பெறலாம். மாணவியர் பலர்க்கு இரத்தச்சோகை உண்டாதலின் அவர்கள் உணவை விடுதல் பெருந்தீங்காம். குறியீட்டெண் தக்க அளவில் இருப்போர் பிறர் நகைப்பிற்கு அஞ்சி மெலிய முயலுதல் வேண்டா. அவர்க்கு வேண்டுவது வலிமையே. ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கத்தையும் யாவரும் பேணுக. உறக்கம் குறையின் பசி மிகும்.

முடிவுரை

அம்மாணவனுக்கு என்னாயிற்றென்று வினவுவீர்கள். அவன் தந்தையார் ஊர் திரும்பிய மாலையில், விடுதிக் காப்பாளரும் யானும் அவனோடு அமர்ந்து ஒரு தாளில் அவனது நாட்செலவையும் நாளுணவையும் எழுதினோம். பயிற்சிக்கூடத்தை விட்டான், மூவேளையும் உண்டான், மாலை வடையை நிறுத்தி மைதானத்தைச் சுற்றினான். மிச்சம் பிடித்த பணத்தால் ஐந்து திங்களிற் கடன் தீர்ந்தது. எடை குறைய அதனினும் நெடுங்காலம் சென்றது. ஓராண்டு முடிவில் எட்டுக் கிலோகிராம் குறைந்திருந்தான். அவன் இன்றும் மெலிந்தவனல்லன், பந்தய வீரனுமல்லன். மூன்றாம் மாடிக்கு இடையில் நில்லாது ஏறுகின்றான். அதுவே அவன் வேண்டியது.

யான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் அவன் தந்தையார் அனுப்பிய அளவுநாடாவால் என் இடையை அளந்து பார்த்தேன். 96 செண்டிமீட்டர் இருந்தது. அன்றுமுதல் யானும் படியேறியே வகுப்பிற்குச் செல்கின்றேன்.

உடம்பை இறைவனுறையும் ஆலயமெனத் திருமறை கற்பிக்கின்றது. திருமூலரும் அவ்வாறே கருதி உடம்பை ஓம்பினார். ஆலயத்தைத் தூய்மையாகக் காப்பதற்குச் செல்வம் வேண்டா. நாடோறும் துடைப்பம் எடுக்கும் கைகளே வேண்டும். மாணவ நண்பர்காள், பெற்றோர் அனுப்பும் பொருளை உணவிற்கே செலவிடுங்கள், அவ்வுணவை அளவறிந்து உண்ணுங்கள், உண்டதற்கேற்ப உழையுங்கள். இவற்றைச் செய்வீராயின் உடலும் நலம்பெறும். பெற்றோர்க்கும் கடன்சுமை கூடாது.