பண்டைய டிராகன்களும் கருதுகோளும்

இல்லாத ஓர் உலகுக்கு வரலாறு எழுத இயலுமா? இயலும் என்று நம்பி, அந்த வேலையில் இரவு பகலாக ஈடுபட்டிருப்போர் இன்று உலகெங்கும் பலர் உள்ளனர். அவர்கள் ஆராயும் உலகம் ஒரு கணினி விளையாட்டின் உள்ளே இருக்கிறது. அவ்வுலகின் மிகப் பழைய குடிகள் டிராகன்கள், அதாவது சிறகும் நகமும் கொண்ட மாபெரும் பறக்கும் நாகங்கள். விளையாட்டைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டா. நான் எழுதப் புகுவது விளையாடும் முறையைப் பற்றி அன்று. சான்று, ஊகம், சோதனை என்று நம் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் புழங்கும் மூன்று சொற்களைப் பற்றி.

‘எல்டன் ரிங்’ என்ற அவ்விளையாட்டு 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்தது. ஆக்கியது டோக்கியோவிலுள்ள ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம். இயக்கியவர் ஹிடெடாக்கா மியாசாக்கி. அவ்வுலகின் தொன்மக் கதைக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். விளையாட்டின் விலை என் ஒரு பருவக் கட்டணத்தைவிட மிகுதி. ஆகவே விடுதி நண்பன் ஒருவனின் கணினியில் அவன் விளையாட, நான் பின்னால் அமர்ந்து எழுத்துகளைப் படித்தவன். ஆராய்ச்சிக்கு அதுவே வசதியாகவும் இருந்தது. வாள் வீசுகிறவனுக்குப் படிக்க நேரம் ஏது?

படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இங்கே கதையை முதலிலிருந்து முடிவுவரை எவரும் சொல்வதில்லை. ஒரு வாளைக் கண்டெடுத்தால் அதனுடன் நான்கு வரிக் குறிப்பு வரும். ஒரு மோதிரம், ஒரு கல், ஒரு கிழிந்த ஆடை என ஒவ்வொன்றுக்கும் இப்படியே. அந்தத் துண்டுகளை ஒட்டித்தான் அவ்வுலகின் வரலாற்றை அறிய வேண்டும். மியாசாக்கி ஏன் இப்படிச் செய்கிறார் என்பதற்கு அவரே நேர்காணலில் காரணம் கூறியிருக்கிறார். வறிய குடும்பத்துச் சிறுவனாக நூலகத்திலிருந்து இரவல் பெற்ற ஆங்கிலக் கதைப் புத்தகங்களை அவர் படித்தாராம். மொழி பாதிதான் புரியும். புரியாத இடங்களைப் படங்களைப் பார்த்துத் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்வாராம்.

இதைப் படித்தபோது எனக்கு அவர் நெடுநாள் தெரிந்தவர்போல் ஆகிவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் இயற்பியல் படித்துவிட்டு, இங்கே ஆங்கிலப் பாடநூலைப் பிரித்தால் ஒரு பத்தியில் ஆறு சொற்கள் தெரியாதவை. அகராதியைத் தேடுவதற்குள் பாடம் நகர்ந்துவிடும். முன்வரியையும் பின்வரியையும் பக்கத்துப் படத்தையும் வைத்து நடுவிலுள்ளதை ஊகித்தே நம்மில் பலர் முதலாண்டைக் கடந்தோம். ஊகித்தது சரியா என்பதை அடுத்த பக்கத்துக் கணக்கு காட்டிக் கொடுக்கும். இந்த ‘அடுத்த பக்கம்’ என்பதை மனத்தில் கொள்க. கட்டுரையின் உயிர்நிலை அதுவே.

இனி டிராகன்களுக்கு வருவோம். ஊகத்துக்கு முன் நேர்ச்சான்று யாதென்று பார்ப்பது முறை.

இவ்வுலகில் டிராகன்கள் இருவகை. பண்டைய டிராகன்களுக்கு நான்கு சிறகுகள். செதில்கள் கல்லால் ஆனவை. செம்மின்னல் அவற்றின் படைக்கலம். பிற்காலத்தவற்றுக்கு இரண்டே சிறகுகள். உடல் தசையால் ஆனது. பண்டைய டிராகனின் செதில் காலத்தையே சிறிது முறுக்கவல்லது என்றும், அதைக்கொண்டு தீட்டிய ஆயுதம் தெய்வத்தையும் கொல்லும் என்றும் ஒரு பொருட்குறிப்பு கூறுகிறது. கிரான்சாக்ஸ் என்ற பெரும் டிராகன் தலைநகர் லெய்ண்டெலைத் தாக்கியது. அந்நகரின் மதில் வீழ்ந்ததாகப் பதிவானது அந்த ஒரு முறைதான். கல்லாய்ப் போன அதன் உடல் இன்றும் நகரத்து மாளிகைகளின்மேல் கவிந்து கிடக்கிறது. அப்போரில் ஃபோர்டிசாக்ஸ் என்ற டிராகனை வென்ற இளவரசன் காட்வின், வென்றவனையே நண்பனாக்கிக் கொண்டான். நேற்றுவரை மதிலை இடித்தவர்களுக்கு இன்று நகரத்தில் வழிபாடு தொடங்கியது. ஃபோர்டிசாக்ஸின் தமக்கையோ தங்கையோ, உடன்பிறந்தவளான லான்சியாக்ஸ், மானிட வடிவெடுத்து அவ்வழிபாட்டின் பூசாரிணியாக வீரர்களுடன் பழகினாள்.

இவற்றுக்கெல்லாம் தலைவன் பிளாசிடுசாக்ஸ். வானில் மிதந்தபடி இடிந்துகொண்டிருக்கும் ஃபாரம் அசூலா என்ற நகரத்தில், காலத்துக்கு அப்பாற்பட்ட புயலின் நடுவே அவன் கிடக்கிறான். அவனைப் பற்றிய குறிப்பில் மூன்று செய்திகள் உள. ஒன்று, பொன்மரத்துக்கு முந்திய யுகத்தில் அவனே எல்டன் அரசன். இரண்டு, அவனுடைய தெய்வம் அவனை விட்டுப் போய்விட்டது. மூன்று, அது திரும்பி வரும் என்று அவன் காத்திருந்தான். (பொன்மரம் என்பது இக்கதை உலகின் நடுவே நின்று ஒளிவீசும் பெருமரம். ஆங்கிலப் பதிப்பு அதற்கு வேறு பெயர் சூட்டியது. ஜப்பானிய மூலத்தில் ‘பொன்மரம்’ என்றே உள்ளதால் தமிழில் நமக்குச் சிக்கல் இல்லை.)

இவ்வளவே தரவு. ஊகங்களோ ஆயிரம்.

முதலில் ஒரு தலைக்கணக்கு. பிளாசிடுசாக்ஸுக்கு இப்போது இருப்பவை இரண்டு தலைகள். ஆனால் அறுபட்ட கழுத்துகளின் அடிப்பகுதிகளும் அவன் உடலில் தெரிகின்றன. அவ்வாறாயின் மற்றத் தலைகளைக் கொய்தவர் யார்? விட்டுச்சென்ற தெய்வத்தின் தண்டனையா? பொன்மரத்து வீரர்களா? பொருட்குறிப்புகளில் இதற்கு விடை இல்லை. 2022இல் இவ்வினாவுக்கு எவர் எந்த விடை சொன்னாலும் அது கருதுகோள் என்ற அளவிலேயே நிற்கக்கூடியது. சிலர் மட்டும், ‘டிராகன் அரசனின் தலையைக் கொய்ய வல்லவன் இன்னொரு டிராகனாகவே இருக்கக்கூடும், அவனை நாம் இன்னும் பார்க்கவில்லை’ என்ற வழியில் எண்ணினார்கள். ஒன்றைக் கவனியுங்கள். இவ்வகைக் கருதுகோள் தன்னைத் தானே ஆபத்துக்கு உட்படுத்துகிறது. நாளை அப்படியொருவன் வந்தால் வெல்லும். வேறு காரணம் வெளிப்பட்டால் வீழும். நெப்டியூன் கோள் இவ்வாறுதான் கிடைத்தது. யுரேனஸின் பாதையில் கண்ட பிறழ்ச்சியைக்கொண்டு லெ வெரியே கணித்துச் சொன்ன இடத்துக்கு மிக அருகிலேயே, 1846இல் காலே தொலைநோக்கியில் அதைக் கண்டார்.

2024 ஜூன் 21 அன்று விளையாட்டின் விரிவாக்கப் பகுதி வெளிவந்தது. அதில் ஒரு செங்குத்து மலையுச்சியில் புதியதொரு டிராகன் இருந்தான். அவன் பெயரைத் தமிழில் எழுதினால் ‘பெயில்’ என்று வருகிறது. தேர்வு முடிவு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்லேன். இவன் டிராகன் அரசனை எதிர்த்துக் கலகம் செய்தவன். தாக்கியும் தாக்குண்டும் தப்பி ஓடியவன். சிறகுகள் சிதைந்து, ஒரு காலும் இழந்து நிற்கிறான். அவன் உடலைக் கூர்ந்து நோக்கினால் அறுபட்ட இரண்டு டிராகன் தலைகள் இன்னும் அவனைக் கடித்தபடியே தொங்குகின்றன. பிளாசிடுசாக்ஸின் தலைகள்! இதை எந்தக் கதாபாத்திரமும் சுட்டிக்காட்டி விளக்குவதில்லை. தலைகளைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கண்டவுடன் புரிந்தது. நண்பனின் அறையில் நாங்கள் நால்வர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். விடுதிக் காப்பாளர் வந்து கதவைத் தட்டினார்.

அடுத்தது, தலைக்கணக்கைவிடப் பெரிய வினா. போய்விட்ட அந்தத் தெய்வம் யார்?

ரசிகரிடையே செல்வாக்குள்ள ஒரு விடை, ‘அந்திக்கண் அரசி’ என்பவள்தான் என்கிறது. தெய்வமாகும் தகுதியுடையவள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவள் அவள். தெய்வங்களைக் கொல்லும் கருந்தீயை ஏந்திய கூட்டம் ஒன்றுக்குத் தலைவி. தேவி மரிக்காவின் காவலனான மாலிக்கெத்திடம் தோற்றாள். இக்கொள்கையினர் காட்டும் சான்றுகள் இடம் சார்ந்தவை. அவள் கூட்டத்தார் இருவரை ஃபாரம் அசூலாவில் எதிர்கொள்கிறோம். மாலிக்கெத்தும் அதே நகரத்தில்தான் இருக்கிறான். ஆகவே அவளுக்கும் டிராகன் அரசனுக்கும் தொடர்பு உண்டு என்கின்றனர்.

கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் நான் இதை ஏற்கவில்லை. ஓரிடத்தில் காணப்படுவது என்பது ஒரு காலத்தவர் என்பதற்குச் சான்றாகாது. பழங்கோட்டைக்குள் நேற்றைய சோடாப் புட்டியும் கிடக்கும். மேலும், அரசி தெய்வமாகத் தகுதி பெற்றவள் என்றுதான் குறிப்பு சொல்கிறது; தெய்வமானாள் என்று எங்கும் இல்லை. விட்டுப் போவதும் தோற்கடிக்கப்படுவதும் ஒன்றல்ல என்பது மூன்றாவது தடை. இத்தனைக்கும் விடை சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை ஊகம் கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு கொள்கை நிற்பதற்கு முட்டுக்கட்டைகள் பெருகப் பெருக, நம் ஐயமும் பெருகவேண்டும்.

இன்னொரு கூட்டத்தார், அதே நிறுவனம் 2011இல் வெளியிட்ட ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டின் டிராகன்களும் இவையும் ஓரினமே, இரண்டு உலகங்களும் ஒன்றே என்பர். அங்கும் கற்செதில் உண்டு. ஜப்பானிய மொழியில் இரண்டு விளையாட்டிலும் அவற்றுக்கு ஒரே சொல்தான் வழங்குகிறது. ஒரே குயவர் வனைந்த இரண்டு பானைகளில் ஒரே கைரேகை இருக்கும் என்பதற்குமேல் இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். டிராகனின் இதயத்தைத் தின்று அதன் ஆற்றலைப் பெறும் சடங்கு ஒன்று இவ்வுலகில் உண்டு. ஆங்கிலப் பதிப்பில் அதன் பெயர் தேவாலயத்தில் வழங்கும் திருவிருந்துச் சொல். அச்சொல்லுக்கு ‘உள்ளம் ஒன்றிக் கலத்தல்’ என்ற பொருளும் உண்டு. அந்த இரண்டாம் பொருளைப் பற்றிக்கொண்டு, டிராகனும் மனிதனும் ஆன்மாவால் இணையும் தவம் இது என்று நெடுங்கட்டுரை தீட்டுவது எளிது. ஜப்பானிய மூலத்திலோ இருப்பவை இரண்டே எழுத்துகள்: டிராகன், உணவு. திருவிருந்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலும் அந்த உணவு எழுத்து உண்டு என்பதால் சமயச் சாயல் முற்றிலும் பொய்யன்று. ஆனால் தவம் என்பது தாங்காது. அப்படித் தின்றவர்கள் கடைசியில் அடைவதும் மேன்மை அன்று; வயிற்றால் ஊரும் எரிமலைப் புழுக்களாகச் சபிக்கப்பட்டனர் என்று ஒரு வாளின் குறிப்பு தெளிவாகவே சொல்கிறது.

இந்த இடத்தில் என் வகுப்புத் தோழர் ஒருவர் எழுப்பிய தடையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. “நெப்டியூன் நாம் பார்க்காவிட்டாலும் அங்கே இருந்தது. உன் டிராகனின் தெய்வம் எங்கே இருக்கிறது? மியாசாக்கி எண்ணியிராவிட்டால் விடையே இல்லையே” என்றார் அவர். வலுவான தடைதான். காந்தத்தை நூறு முறை கேட்டாலும் நூறு முறையும் விடை தரும். இங்கே தரவு வந்தது இரண்டே தவணைகளில்; முதலாவது 2022, மற்றது 2024. 2025 மே 30 அன்று வெளியான ‘நைட்ரெய்ன்’ தனிக் கிளைக்கதை என்று ஆக்கியோரே கூறிவிட்டதால், அதைச் சாட்சிக்கு அழைக்க இயலாது. ஆகவே நம் வினாத்தாளில் சில வினாக்களுக்கு விடையே எழுதப்படாமல் இருக்கக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனால் எல்லா ஊகங்களும் ஒரே தரம் ஆகிவிடா. உள்ள வரிகளோடு முரண்படும் ஊகம் ஒன்று, முரண்படாதது ஒன்று, உள்ள வரிகளிலிருந்தே தவிர்க்கமுடியாமல் பிறப்பது மற்றொன்று. மூன்றாம் வகையைப் பிரித்தெடுப்பதில்தான் எனக்கு ஆர்வம்.

அவ்வகையில் நான் துணிவது இது. பொன்மரத்தின் ஆட்சி தன்னை என்றும் உள்ளதாகக் காட்டிக்கொள்கிறது. ஆனால் பொன்மரத்துக்கு முன்பே எல்டன் அரசன் என்ற பதவி இருந்தது என்று பிளாசிடுசாக்ஸின் குறிப்பு சொல்லிவிடுகிறது. பதவி இருந்ததெனில் அதைத் தாங்கிய ஒழுங்கும் இருந்தது. எனவே பொன்மரம் தொடக்கம் அன்று. ஒரு வரிசையில் பின்னால் வந்தது. 2024 விரிவாக்கம் இதற்கு மேலும் வலுவூட்டுகிறது. மரிக்கா பிறவித் தெய்வம் அல்லள், ஒரு சிற்றூரிலிருந்து வந்து தெய்வமானவள் என்று அதில் அறிகிறோம். தெய்வம் திரும்பிவர ஓர் அரசன் வழிகோலுவான் என்ற பொருளில் ஒரு மறைச்சடங்கு ஏடும் அதில் கிடைக்கிறது. தெய்வத்தின் வருகைக்காகக் காத்துக் கிடந்த டிராகன் அரசனின் நிலையை அந்த ஏட்டோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அவன் வெறும் ஏக்கத்தால் அங்கே கிடக்கவில்லை. அரசனுக்கு விதிக்கப்பட்ட கடமையைச் செய்துகொண்டிருந்தான் என்றே எனக்குப் படுகிறது. காலத்தை முறுக்கும் செதில்களும், காலத்துக்கு அப்பாற்பட்ட புயலும் அக்கடமைக்குரிய கருவிகள் ஆகலாம். இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. முரண்படவில்லை, நிறுவப்படவும் இல்லை.

அத்தெய்வத்தின் பெயரைப் பொறுத்தவரை, கைவசமுள்ள வரிகளிலிருந்து அதைப் பெற வழியில்லை என்பது என் முடிவு. இதை உடைக்கும் பொருட்குறிப்பு ஒன்றை எவரேனும் கண்டிருந்தால், எந்தப் பொருள், எந்த வரி என்று ஒரு தாளில் குறித்து வந்து காட்டுமாறு வேண்டுகிறேன். இயற்பியல் இரண்டாம் ஆண்டு, கடைசிக்கு முந்திய பலகையில் இருப்பேன். செய்முறைத் தேர்வு நாள்களில் மட்டும் வரவேண்டா.