எலும்பில் எழுதிய கணக்கு

ரெக்கார்டு நோட்டில் எலும்பின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்துகொண்டிருந்தேன். "செத்த எலும்புல படிக்க என்னப்பா இருக்கு?" என்றார் என் தாயார். அக்கேள்விக்கு விடையே இக்கட்டுரை.

எலும்பு உயிருள்ள திசு. மெதுவாக வளரும் எலும்பில் கொலாஜன் நார்கள் ஒழுங்காக அடுக்கப்படுகின்றன. இரத்தக் குழாய்கள் குறைவு. விரைந்து வளர்ந்தாலோ நார்கள் தாறுமாறாக அமைகின்றன, குழாய்கள் மிகுதி. ஆகவே திசுவின் அமைப்பு வளர்ச்சி வேகத்தைக் காட்டும் என்று இத்தாலிய அறிஞர் அம்பிரினோ 1947-இல் கூறினார்.

வேகத்தை அளப்பது எவ்வாறு? வளரும் பறவைக்குக் குறித்த நாட்களில் ஒளிரும் சாயங்களை ஊசி மூலம் செலுத்துவர். அன்று உருவாகும் எலும்பில் சாயம் கோடாகப் படியும். இரு கோடுகளின் இடைவெளியை நாட்களால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

அரச பெங்குவின் குஞ்சுகளில் இவ்வாறு அளந்த முடிவு 2004-இல் வெளியாயிற்று. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் குழாய்கள் அமைந்த எலும்பே மிக விரைந்து வளர்ந்தது. நாளொன்றுக்கு 171 மைக்ரான் வரை! மற்ற அமைப்புகளுக்கிடையே தெளிவான வேறுபாடு இல்லை.

ஏன் இத்தனை அவசரம்? குளிர்காலத்தில் பெற்றோர் இரை கொண்டுவருவது அரிது. அதற்குள் குஞ்சு பெரிதாக வேண்டும். இவ்வேகத்திற்கு விலையாக எலும்பின் உறுதி குறையலாம் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர்.

மறைந்துபோன டைனோசாருக்கு ஊசி போட இயலாது. அதன் வளர்ச்சியை அறியப் புதைபடிவ எலும்பின் திசுவையே நாட வேண்டியுள்ளது. ஆம் அம்மா, செத்த எலும்பிலும் படிக்க நிறைய இருக்கிறது!